வெளி மடல் வராத அஞ்சல் வழங்கி: ஒரு கோளாறின் வரலாறு

மெயில் சர்வர் எனப்படும் அஞ்சல் வழங்கிக்கு நேரும் கோளாறுகளில் ஒன்று மிகப் பழையது. அலுவலகத்துக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் மடல் அனுப்பிக்கொள்வார்கள். வெளியூர்களுக்கும் மடல் போய்ச் சேரும். ஆனால் வெளியிலிருந்து ஒரு மடலும் உள்ளே வராது. போகாத மடல் திரும்பி வந்துவிடும் என்பதால் அனுப்பியவருக்கு அது தெரிந்துவிடுகிறது. வராத மடலோ பெற வேண்டியவருக்குத் தெரிவதே இல்லை. பெட்டி காலியாக இருந்தால் இன்று யாரும் எழுதவில்லை என்றுதான் அவர் நினைப்பார். அனுப்பிய வழங்கி உடனே கைவிடாமல் நான்கைந்து நாள் மீண்டும் மீண்டும் முயன்று பார்ப்பதும் உண்டு. அதனால் முதல் புகார் வருவதற்கே ஒரு வாரம் ஆகிவிடலாம்.

இந்தக் கோளாறை ஆராயும் நிர்வாகி இன்று ஒரு வரிசையில் கேள்விகள் கேட்கிறார். பெயர் எந்த எந்திரத்தைக் காட்டுகிறது? அந்த எந்திரத்தின் கதவு திறந்திருக்கிறதா? கதவருகே நிற்பவருக்குத் தம் பெயர் தெரியுமா? வரும் மடலை யாராவது இடையில் தடுக்கிறார்களா? உள்ளே வந்த மடல் எங்காவது தேங்கி நிற்கிறதா? இக்கேள்விகள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காலகட்டம் இருக்கிறது.

ஒரே கோப்பில் உலகம்

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பினார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைப் பயன்படுத்தியவரும் அவரே. அன்று குறிக்கு வலப்புறம் இருந்தது ஒரு கணினியின் பெயர் மட்டுமே. அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த கணினிகள் அனைத்தின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அக்கோப்பைப் பராமரித்தது. புதிய கணினி ஒன்று சேர்ந்தால் அந்த மையத்துக்குச் சொல்ல வேண்டும். மையம் கோப்பைத் திருத்தும். மற்ற நிலையங்கள் அதைப் படியெடுத்துக்கொள்ளும்.

வெளி மடல் வராத கோளாறு அன்றும் இருந்தது, ஆனால் அதன் காரணம் எளியது. அனுப்புபவரிடம் இருந்த படி பழையதாக இருந்தால், புதிய கணினியின் பெயர் அவருடைய எந்திரத்துக்குத் தெரியாது. அவர் புதிய படியை எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம் எஸ்எம்டிபி எனும் அஞ்சல் நெறிமுறையை வரையறுத்தது. வழங்கி 25ஆம் எண் கதவில் காத்திருக்கும். வருபவர் வணக்கம் சொல்லி, யாரிடமிருந்து, யாருக்கு என்று தெரிவித்து, மடலைக் கொடுத்துவிட்டுப் போவார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த உரையாடலின் அடிப்படை மாறவில்லை. வழங்கி ஒவ்வொரு வரிக்கும் மூன்று இலக்க எண்ணில் பதில் தரும். 4இல் தொடங்கினால் “இப்போது முடியாது, பிறகு வா” என்று பொருள்; 5இல் தொடங்கினால் “முடியவே முடியாது” என்று பொருள். முதல் வகையில் மடல் அனுப்புநரின் வரிசையில் காத்திருக்கும். இரண்டாம் வகையில் உடனே திரும்பிவிடும். கோளாறு ஆராய்பவருக்கு இந்த ஓர் இலக்கமே பாதி விடை.

எம்எக்ஸ் பதிவு பிறந்த காரணம்

1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் எனப்படும் பெயர் முறைமையை ஆர்எஃப்சி 882, 883 ஆகிய ஆவணங்களில் முன்வைத்தார். ஒரே கோப்புக்குப் பதிலாக, ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களைத் தானே வைத்துப் பராமரிக்கும் ஏற்பாடு இது. அதில் அஞ்சலுக்கென இரண்டு வகைப் பதிவுகள் இருந்தன. மடல் சென்று சேர வேண்டிய எந்திரத்தை எம்டி பதிவு சொன்னது. இடையில் வாங்கி அனுப்பி வைக்கும் எந்திரத்தை எம்எஃப் பதிவு சொன்னது. தாளில் இது நன்றாகவே இருந்தது. நடைமுறையில் ஒரு சிக்கல் வந்தது. டிஎன்எஸ் வழங்கிகள் ஒரு முறை கேட்ட விடையைச் சில காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு வகைப் பதிவு மட்டும் நினைவில் இருந்து மற்றது இல்லாவிட்டால், கேட்பவருக்கு அரைகுறை விடை கிடைக்கும். அது அரைகுறை என்பதும் அவருக்குத் தெரியாது.

1986 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 973 இந்த இரண்டையும் நீக்கி, எம்எக்ஸ் என்ற ஒரே பதிவைக் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்தும் முறையை அதே மாதத்தில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் ஆர்எஃப்சி 974இல் விளக்கினார். ஒவ்வொரு எம்எக்ஸ் பதிவிலும் ஓர் எண்ணும் ஓர் எந்திரத்தின் பெயரும் இருக்கும். எண் சிறியதாக இருந்தால் முன்னுரிமை அதிகம். முதல் எந்திரம் பதில் தராவிட்டால் அடுத்த எண் உள்ளதை நாட வேண்டும். எம்எக்ஸ் பதிவே இல்லாவிட்டால் அந்தப் பெயருக்குரிய எண் முகவரிக்கே நேராகப் போகலாம்.

இதன் பயனைத் தமிழ்நாட்டார் எளிதில் புரிந்துகொள்ளலாம். கடித உறையில் “மே/பா” என்று எழுதி இன்னொருவர் வீட்டு முகவரியைக் கொடுப்பது போன்றது இது. பெறுபவருக்கு நிலையான வீடு இல்லாவிட்டாலும் கடிதம் அவரை அடையும். அன்று அமெரிக்காவில் சிஎஸ்நெட் என்ற வலையமைப்பு, அர்ப்பாநெட் இணைப்புக் கிடைக்காத கணினியியல் துறைகளைத் தொலைபேசி வழியாக இணைத்துக்கொண்டிருந்தது. அக்கணினிகள் இணையத்தில் எப்போதும் இருந்தவை அல்ல, அழைத்தால்தான் பேசும். எம்எக்ஸ் வந்தபின் அவற்றுக்கும் மற்றவற்றைப் போன்ற பெயர் கிடைத்தது. மடலை ஓர் இடை எந்திரம் வாங்கி வைத்து, தொலைபேசி இணைப்புக் கிடைத்ததும் சேர்த்தது.

இந்தியாவின் தொடக்க கால மின்னஞ்சலும் இந்த வழியில்தான் நடந்தது. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் பம்பாயின் என்சிஎஸ்டி, பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனம், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐஐடிகள், மின்னணுவியல் துறை ஆகிய எட்டு நிறுவனங்கள் இருந்தன. தொலைபேசி வழி யுயுசிபி முறையில் மடல்கள் தொகுப்பாகப் பரிமாறப்பட்டன. வெளிநாட்டு மடல்களுக்கு என்சிஎஸ்டி வாசலாக இருந்தது. சென்னையில் இருந்த ஆராய்ச்சியாளருக்கு வெளிநாட்டு மடல் வரவில்லை என்றால், குறை அவருடைய கணினியில் இருக்கலாம், தொலைபேசி இணைப்பில் இருக்கலாம், பம்பாயில் இருக்கலாம், கடலுக்கு அப்பாலும் இருக்கலாம். இருக்கையில் அமர்ந்தபடி அவரால் அதைப் பிரித்தறிய முடியாது.

எம்எக்ஸ் பதிவே இன்றும் முதலில் பார்க்க வேண்டிய இடம். உள் மடல்கள் ஒழுங்காகச் சென்று, வெளி மடல் மட்டும் வராததற்கு இதுவே பொதுவான விளக்கம். உள்ளே இருப்பவருக்கு எழுதும் மடலை வழங்கி டிஎன்எஸ்ஸைக் கேட்காமலேயே பெட்டியில் போட்டுவிடும். வெளியார் மட்டுமே பதிவைப் பார்த்து வழி தேடுகிறார்கள். பதிவு பழைய எந்திரத்தைக் காட்டலாம். பெயருக்குப் பதிலாக எண் முகவரி தவறுதலாக எழுதப்பட்டிருக்கலாம். பெயரின் இறுதியில் புள்ளி விடுபட்டு, களப்பெயர் இருமுறை ஒட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளிருந்தபடி எத்தனை முறை சோதித்தாலும் இவை வெளிப்படா. திருத்திய பின்னும் பழைய விடையை நினைவில் வைத்திருக்கும் வழங்கிகள் சில மணி நேரம் பழைய இடத்துக்கே போகும். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து வேறு எதையாவது மாற்றிவிட்டு, ஒரு கோளாறை இரண்டாக்கியவர்கள் ஏராளம்.

1988 நவம்பர்: மருந்துச் சீட்டு வரவில்லை

அன்றைய இணையத்தில் பெரும்பாலான யுனிக்ஸ் கணினிகளில் அஞ்சலைக் கையாண்ட மென்பொருள் செண்ட்மெயில். பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதியது. பல வகை வலையமைப்புகளின் முகவரிகளையும் புரிந்துகொள்ளும் வல்லமை அதற்கு இருந்தது. அதற்கேற்ற சிக்கலும் இருந்தது. நிறுவுபவர்கள் தொலைவிலிருந்தே அதைச் சோதித்துப் பார்க்க வசதியாக டீபக் என்றொரு கட்டளை அதில் வைக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில் மடலைப் பெறுபவராக ஒரு நபரின் பெயருக்குப் பதிலாக, இயக்க வேண்டிய கட்டளைகளையே கொடுக்க முடியும். கோளாறு கண்டுபிடிப்பதற்காக வைத்த அந்தத் திட்டிவாசலைப் பல நிலையங்கள் மூடாமலே விட்டிருந்தன.

1988 நவம்பர் 2ஆம் நாள் மாலை, கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் எழுதிய ஒரு நிரல் எம்ஐடி கணினி ஒன்றிலிருந்து வெளியே விடப்பட்டது. செண்ட்மெயிலின் டீபக் வழி, ஃபிங்கர் என்ற சேவையில் இருந்த பிழை, எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள் ஆகியவற்றைக் கொண்டு அது கணினிக்குக் கணினி தாவியது. கோப்புகளை அழிக்கவில்லை. ஆனால் ஒரே எந்திரத்தில் பல படிகளாகப் பெருகி, வேறு வேலை எதையும் செய்ய முடியாதபடி ஆக்கியது. ஏறக்குறைய 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அப்போது 60,000 கணினிகள் இருந்தன, அவற்றில் பத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டிருக்கும் என்ற ஊகத்தில் பிறந்த எண் அது. எண்ணிப் பார்த்துச் சொன்னது அன்று.

நிலைமை கைமீறியதை உணர்ந்த மோரிஸ், ஹார்வர்டில் இருந்த நண்பர் ஆண்ட்ரூ சடத்திடம் பேசினார். சடத் 1984 ஒலிம்பிக் படகுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் இருந்தவர். நவம்பர் 3ஆம் நாள் அதிகாலை மூன்றரை மணி அளவில், தம் பெயரைக் குறிப்பிடாமல் அவர் ஒரு மடலை அனுப்பினார். இணையத்தில் ஒரு வைரஸ் உலவக்கூடும் என்ற எச்சரிக்கையும், அதை நிறுத்த மூன்று வழிகளும் அதில் இருந்தன. செண்ட்மெயிலில் டீபக் வழியை அடைப்பது அவற்றில் ஒன்று. மருந்து சரியானதுதான். ஆனால் அது உரியவர்களை அடைய ஒரு நாளுக்கும் மேல் ஆயிற்று. இடை எந்திரங்கள் சுமை தாங்காமல் திணறிக்கொண்டிருந்தன. பல நிலையங்கள் பாதுகாப்புக் கருதித் தம் இணைப்பைத் தாமே துண்டித்துக்கொண்டிருந்தன. ராணுவ வலையமைப்பான மில்நெட்டும் பொது வலையமைப்புடன் இருந்த அஞ்சல் பாலங்களை மூடியது.

இணைப்பைத் துண்டித்த நிர்வாகிகளைக் குறை சொல்ல முடியாது. தீப்பிடித்த தெருவில் கதவைச் சாத்துவது இயல்பு. ஆனால் பெர்க்லியிலிருந்து செண்ட்மெயிலுக்கான திருத்தம் அதே அதிகாலையில் வெளியானபோது, கதவைச் சாத்தியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. தொலைபேசியில் பேசத் தெரிந்தவர் எண் கைவசம் இருந்தவர்கள் தப்பினார்கள். யாருடைய எண் என்ன என்ற பட்டியலும் பலருக்குக் கணினியில்தான் இருந்தது. அதே மாதத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான தார்ப்பா, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசர உதவிக் குழுவை அமைத்தது. அக்குழு 24 மணி நேரத் தொலைபேசி எண் ஒன்றை வைத்துக்கொண்டது. மோரிஸ் 1990இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகப் பணியும் 10,050 டாலர் அபராதமும் பெற்றார்.

பெயர் காணாமல் போன காலை

1997 ஜூலை 17 அதிகாலை, டாட் காம், டாட் நெட் பெயர்களின் பதிவேட்டைப் பராமரித்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்திலிருந்து பழுதான கோப்பு ஒன்று உலகின் முதன்மைப் பெயர் வழங்கிகளுக்குப் போய்விட்டது. எச்சரிக்கை ஒலித்தும் பணியில் இருந்தவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சில மணி நேரத்தில் திருத்தப்பட்டாலும், அதற்குள் ஏராளமான பெயர்கள் “அப்படி ஒன்றும் இல்லை” என்ற விடையைப் பெற்றுவிட்டன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெயர் வழங்கி பதிலே தராமல் போயிருந்தால், அனுப்பும் எந்திரம் மடலை வரிசையில் வைத்துக்கொண்டு பிறகு முயன்றிருக்கும், எதுவும் தொலைந்திராது. “இல்லை” என்ற உறுதியான பதில் கிடைத்ததால்தான் மடல்கள் திரும்பின. அந்நிறுவனங்களின் அஞ்சல் வழங்கிகளில் எந்தக் குறையும் இல்லை. அவற்றின் நிர்வாகிகள் அன்று காலை முழுவதும் தம் எந்திரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பயன் இருந்திராது.

கதவுகள் மூடப்பட்ட கதை

முதல் இருபது ஆண்டுகளில் அஞ்சல் வழங்கிகள் யாருடைய மடலையும் வாங்கி யாருக்கும் அனுப்பிவைத்தன. அது அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவியாகக் கருதப்பட்டது. 1990களின் நடுவில் விளம்பர மடல் அனுப்புவோர் இந்த உதவியைச் சுரண்டத் தொடங்கினர். 1998இல் வெளியான செண்ட்மெயில் 8.9 பதிப்பு, பிறர் மடலைக் கடத்துவதை இயல்பிலேயே மறுத்தது. இது தேவையான மாற்றம். ஆனால் இதன் பின்விளைவாக ஒரு புதுக் கோளாறு வந்தது. எந்தப் பெயருக்கு வரும் மடல் தன்னுடையது என்பதை வழங்கிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்க்க மறந்தால், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியையே “இது உங்கள் இடம் அல்ல” என்று வழங்கி திருப்பி அனுப்பும். உள்ளிருப்பவர்களின் எண் முகவரிகள் முன்பே அனுமதிக்கப்பட்டிருப்பதால் அவர்களுக்கு இந்தத் தடை தெரியாது.

இதே காலத்தில் வேறு சில கதவுகளும் மூடப்பட்டன. சில லினக்ஸ் தொகுப்புகளில் அஞ்சல் மென்பொருள் 127.0.0.1 என்ற உள் முகவரியில் மட்டும் காது கொடுத்தது. அந்த எந்திரத்திலேயே அமர்ந்து சோதித்தால் எல்லாம் சரி. வெளியிலிருந்து தட்டினால் பதில் இல்லை. வீட்டு இணைப்புகளில் 25ஆம் எண் கதவை இணையச் சேவை நிறுவனங்களே அடைத்தன. சிஸ்கோவின் பிக்ஸ் தீயரண் அஞ்சல் உரையாடலை இடைமறித்துச் சரிபார்த்தது. அதன் பின்னால் இருக்கும் வழங்கியைத் தட்டினால் வரவேற்பு வரியில் எழுத்துகளுக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகள் வரும். புதிய நெறிமுறைக் கட்டளைகளை அது புரிந்துகொள்ளாததால் சில மடல்கள் வரும், சில வராது. முற்றிலும் வராததைவிடப் பாதி வருவதே கண்டுபிடிக்கக் கடினம்.

1997இல் பால் விக்சி மேப்ஸ் என்ற அமைப்பின் மூலம் தடைப்பட்டியல் முறையைக் கொண்டுவந்தார். மடல் கொண்டுவரும் எந்திரத்தின் எண் பட்டியலில் இருக்கிறதா என்று வழங்கி டிஎன்எஸ் வழியாகக் கேட்கும், இருந்தால் மறுக்கும். இதைப் பின்பற்றிப் பல பட்டியல்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றான ஓஆர்டிபி 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடிய பின்னும் எண்ணற்ற வழங்கிகள் அதையே கேட்டுக்கொண்டிருந்தன. அமைப்பை ஏற்படுத்தியவர்கள் மாறிப் போயிருக்கலாம், அல்லது மறந்திருக்கலாம். 2008 மார்ச்சில் ஓஆர்டிபி, கேட்பவர் எந்த எண்ணைக் கேட்டாலும் “ஆம், தடைப்பட்டது” என்றே விடை தரத் தொடங்கியது. அன்று அந்த வழங்கிகளுக்கு வெளியுலகிலிருந்து ஒரு மடலும் நுழையவில்லை. அமைப்பில் யாரும் கை வைக்கவில்லையே, நேற்று வரை வேலை செய்ததே என்று நிர்வாகிகள் திகைத்தனர். கேள்வி கேட்பதை நிறுத்தவைக்க வேறு வழி இல்லை என்பது ஒரு நியாயம். ஆனால் தண்டனை போய்ச் சேர்ந்தது நிர்வாகிக்கு அல்ல, மடலுக்குக் காத்திருந்தவர்களுக்கு.

2003இல் எவன் ஹாரிஸ் முன்வைத்த சாம்பல் பட்டியல் முறையில் அறிமுகமில்லாதவரின் முதல் முயற்சி 4இல் தொடங்கும் எண்ணுடன் தள்ளிப்போடப்படும். ஒழுங்கான வழங்கி மீண்டும் வரும், அவசரக்காரர் வரமாட்டார். இதனால் வரும் தாமதம் கோளாறாகத் தோன்றினாலும் கோளாறு அன்று.

கையால் பேசிப் பார்த்தல்

எஸ்எம்டிபி எளிய எழுத்துரையாடல் என்பதால் மனிதரே அஞ்சல் வழங்கியைப் போல நடித்துச் சோதிக்கலாம். வேறொரு வலையமைப்பில் உள்ள கணினியிலிருந்து டெல்நெட் நிரல் மூலம் 25ஆம் எண் கதவைத் தட்ட வேண்டும். பதிலே இல்லாமல் நேரம் கடந்தால் இடையில் தீயரணோ சேவை நிறுவனமோ தடுக்கிறது. உடனே “மறுக்கப்பட்டது” என்று வந்தால் எந்திரம் கிடைத்துவிட்டது, ஆனால் வெளி முகவரியில் காது கொடுப்பவர் இல்லை. 220 என்ற எண்ணுடன் வரவேற்பு வந்தால் கதவு திறந்திருக்கிறது. பிறகு யாரிடமிருந்து, யாருக்கு என்று ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பெறுநர் பெயரைச் சொன்னதும் 550 வந்தால் வழங்கிக்குத் தன் பெயர் தெரியவில்லை, அல்லது அப்பெட்டி இல்லை, அல்லது தடைப்பட்டியல் குறுக்கிடுகிறது. எண்ணை அடுத்து வரும் சொற்கள் எது என்பதைச் சொல்லிவிடும். 354 வந்தால் மடலைத் தட்டச்சு செய்து, தனி வரியில் ஒரு புள்ளி வைத்து முடிக்க வேண்டும். அதன்பின் 250 வந்தால் மடலுக்கு வழங்கி பொறுப்பேற்றுக்கொண்டது. அதற்குப் பின்னும் பெட்டியில் மடல் இல்லையென்றால் தேட வேண்டிய இடம் வீட்டுக்குள்தான்.

2022 ஜனவரி 1

அப்படி வீட்டுக்குள் மடல்கள் சிக்கிய பெரிய நிகழ்வு ஒரு புத்தாண்டு நாளில் நடந்தது. நிறுவனங்கள் தம் இடத்திலேயே நிறுவி இயக்கும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 வழங்கிகள் மடல்களை வாங்கின. ஆனால் எவருடைய பெட்டியிலும் சேர்க்கவில்லை. எல்லாம் வரிசையில் தேங்கின. கதவு, பெயர், எம்எக்ஸ், தடைப்பட்டியல் எதிலும் குறை இல்லை.

விடை நிகழ்வுக் குறிப்பேட்டில் இருந்தது. வழங்கிக்குள் இருந்த தீநிரல் சோதனைப் பொறியின் பதிப்பு எண் ஆண்டு, மாதம், நாள், வரிசை எண் ஆகியவற்றைச் சேர்த்து எழுதப்பட்டு வந்தது. புத்தாண்டு நாளில் அது 2201010001 ஆயிற்று. அதை வாங்கிக்கொள்ளும் இடம் 32 பிட் அளவுள்ள குறியுடைய முழு எண். அதில் அடங்கும் பெரிய எண் 2147483647. 21இல் தொடங்கிய டிசம்பர் எண்கள் அடங்கின, 22இல் தொடங்கிய எண் அடங்கவில்லை. பொறி இயங்க மறுத்தது. சோதிக்கப்படாத மடலை வழங்கி முன்னே நகர்த்தவில்லை. விடுமுறை நாளில் அழைக்கப்பட்ட நிர்வாகிகள் முதலில் சோதனையையே நிறுத்திவைத்து மடல்களை விடுவித்தனர். மைக்ரோசாஃப்ட் பின்னர் ஒரு திருத்த நிரலை வெளியிட்டது. அதன்பின் பொறிக்குக் கிடைத்த பதிப்பு எண் 2112330001. அதாவது, 2021 டிசம்பர் 33ஆம் நாள்.